எந்த டெஸ்ட் போடுவது? மாறியின் வகையிலிருந்து தொடங்குங்கள்

சர்வே முடிந்ததும் பலர் முதலில் தேடுவது புள்ளியியல் டெஸ்ட்டின் பெயரை. மாறி என்பது பாலினம், வயது போல ஆளுக்கு ஆள் மாறும் விவரம். அதன் வகை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு நிஜத் தரவில் பார்ப்போம்.

1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு 8442 ஆண்களும் 4321 பெண்களும் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது 3738 ஆண்களுக்கு, 1494 பெண்களுக்கு. அதாவது 44%, 35%. பாலினத்துக்கும் இடம் கிடைப்பதற்கும் தொடர்பு உண்டா?

படி 1: வகை பிரியுங்கள்

பாலினம் பெயரளவு மாறி. அதில் உயர்வு தாழ்வு வரிசை கிடையாது. இடம் கிடைத்ததா இல்லையா என்பதும் அப்படியே. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று குறியிட்டுச் சராசரி கேட்டால் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் மறுபேச்சு இல்லாமல் 1.34 என்று காட்டும். யாருக்கும் உதவாத எண்! ‘திருப்தி, ஓரளவு, திருப்தியில்லை’ போன்ற பதில்கள் வரிசையளவு. வயது, வருமானம் எண்ணளவு.

படி 2: ஜோடியைப் பாருங்கள்

தொடர்பு தேடும் இரண்டு மாறிகளும் பெயரளவு என்றால் கை-ஸ்கொயர் டெஸ்ட். இரண்டு குழுக்களின் வருமானச் சராசரியை ஒப்பிட டி-டெஸ்ட். குழுக்கள் மூன்று, அதற்கு மேல் என்றால் அனோவா. ஒப்பிடுவது வரிசையளவு என்றால் அதே இடத்தில் முறையே மான்-விட்னி, க்ருஸ்கல்-வாலிஸ். இரண்டும் எண்ணளவு என்றால் பியர்சன் ஒட்டுறவு (கோரிலேஷன்). ஒரே ஆட்களை முன்னும் பின்னும் அளந்திருந்தால் சாதாரண டி-டெஸ்ட் கூடாது, இணை டி-டெஸ்ட் வேண்டும்.

படி 3: ஒரு தடவை கையால் போடுங்கள்

பெர்க்லி தரவில் இரண்டு மாறிகளும் பெயரளவு, எனவே கை-ஸ்கொயர். மொத்தம் 12763 பேரில் 5232 பேருக்கு இடம். தொடர்பே இல்லையென்றால் இடம் கிடைத்திருக்க வேண்டிய பெண்கள் 4321 × 5232 ÷ 12763, சுமார் 1771. இதுதான் எதிர்பார்ப்பு எண்ணிக்கை. கிடைத்ததோ 1494, 277 குறைவு. 277-இன் வர்க்கத்தை 1771-ஆல் வகுத்தால் 43. இப்படி நான்கு கட்டங்களுக்கும் (ஆண், பெண்; இடம் கிடைத்தவர், கிடைக்காதவர்) போட்டுக் கூட்டினால் ஏறக்குறைய 111. இப்படி நான்கு கட்டங்கள் உள்ள அட்டவணையில், தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பை 5%-க்குள் வைத்தால், 3.84-ஐத் தாண்டினாலே தொடர்பு உண்டு என்போம். (எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே போகும் சின்னத் தரவுக்கு ஃபிஷர் டெஸ்ட்.)

படி 4: மூன்றாவது மாறியைத் தேடுங்கள்

சரி, பாரபட்சம் என்று எழுதிவிடலாமா? அவசரம் வேண்டாம். பிக்கெல், ஹேமெல், ஓ'கானெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1975-இல் இதைத் துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வு நிற்கவில்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் கிராஸ்டேப்ஸ் (இரண்டு மாறிகளின் குறுக்கு அட்டவணை) போடும்போது ‘லேயர்’ பெட்டியில் துறையை வையுங்கள். ஒவ்வொரு துறைக்கும் தனி அட்டவணையும் தனி கை-ஸ்கொயரும் வரும்.