ட்ரோபோமி மீத்தேன் தரவை மாதிரியோடு ஒப்பிடுவது எப்படி?

ஒரு நிலப்பரப்பு எவ்வளவு மீத்தேனை உமிழ்கிறது என்பதைச் செயற்கைக்கோள் நேரடியாக அளப்பதில்லை. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி, தரை முதல் வளிமண்டல உச்சி வரையிலான மீத்தேனின் சராசரி விகிதத்தையே தருகிறது. ஆகவே, நாம் ஊகிக்கும் உமிழ்வை வளிமண்டல மாதிரியில் (காற்றில் மீத்தேன் பரவுவதைக் கணக்கிடும் கணினி நிரலில்) இட்டு, கிடைக்கும் விடையைச் செயற்கைக்கோள் அளவோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும்வரை ஊகத்தைத் திருத்த வேண்டும். அந்த ஒப்பீட்டில்தான் எனக்கு இரண்டு வாரங்கள் போயின.

முதலில், ட்ரோபோமி தரவுக் கோப்பில், அளவீடு எவ்வளவு நம்பகமானது என்று சொல்லும் தர மதிப்பு 0.5-க்கு மேல் உள்ள பிக்சல்களை மட்டும் எடுங்கள். இதற்குப் பைத்தான் நிரல்மொழியின் எக்ஸ்அரே (xarray) என்ற நிரல் நூலகம்தான் என் தேர்வு. ஒவ்வொரு பரிமாணமும் பெயரோடு வருவதால் குழப்பம் குறைகிறது.

அடுத்து, மாதிரியின் மீத்தேன் அளவுகளை, மொத்த நிறை மாறாமல், கோப்பில் உள்ள 12 சம அழுத்த அடுக்குகளுக்கு மாற்றுங்கள்.

இனி ஆவரேஜிங் கெர்னல். எந்த உயரத்து மீத்தேனைக் கருவி எவ்வளவு உணர்கிறது என்பதை அடுக்குவாரியாகச் சொல்லும் எண்கள் இவை. ஒவ்வோர் அடுக்கிலும் மாதிரி அளவிலிருந்து கோப்பிலுள்ள முன்ஊக அளவை (செயற்கைக்கோள் தரவைக் கணக்கிடும்போது தொடக்கமாக எடுத்துக்கொண்ட மீத்தேன் அளவை) கழித்து, கெர்னலால் பெருக்கி, மீண்டும் முன்ஊகத்தோடு கூட்டி, பிறகு உலர்காற்றின் அளவை எடையாகக் கொண்டு சராசரி காண வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ட்ரோபோமி கோப்பில் அடுக்குகள் உச்சியிலிருந்து தரைக்கு வருகின்றன. என் மாதிரியிலோ தரையிலிருந்து மேலே சென்றன. கெர்னலை மட்டும் திருப்ப மறந்தேன். நிரல் பிழை காட்டவில்லை, வரைபடமும் நம்பும்படியே இருந்தது. ஆனால் தரையருகே சேரும் மீத்தேனுக்கு, அடுக்குமண்டலத்துக்குரிய குறைந்த எடை போய்ச் சேர்ந்ததால், அதை ஈடுகட்ட உமிழ்வு மிகையாக வந்தது. முன்ஊகத்தையே மாதிரியாகக் கொடுத்துச் சோதித்தபோதும் பிழை அகப்படவில்லை. அங்கே வேறுபாடு சுழியாகிவிடுவதால் கெர்னல் எப்படியிருந்தாலும் விடை மாறாது.

சரியான சோதனை இதுதான்: முன்ஊகத்தின் அடிமட்ட அடுக்கில் மட்டும் 100 பிபிபி (நூறு கோடியில் 100 பங்கு) கூட்டி, அதை மாதிரியாகக் கொடுத்துப் பாருங்கள். 12 சம அடுக்குகளில் ஒன்று என்பதாலும், தரையருகே கெர்னல் ஏறத்தாழ 1 என்பதாலும், சராசரி சுமார் 8 பிபிபி உயர வேண்டும். உயர்வு அதைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் ஒளியைக் குறைவாகப் பிரதிபலிக்கும் இருண்ட நிலப்பரப்புகளில் வேறுபாடு நீடிப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோப்பில் சார்புப்பிழை (ஒரே பக்கமாகச் சாயும் பிழை) திருத்தப்பட்ட மீத்தேன் மதிப்பு தனியாக உள்ளது, அதையே பயன்படுத்துங்கள்.