வெயில் மறைப்புத் துணி எத்தனை வருஷம் தாங்கும்?

மதுரை வெயிலில் சாதாரண நீல தார்ப்பாய் ஒரு கோடையைத் தாண்டினாலே பெரிய விஷயம். பிவிசி பூசிய பாலியெஸ்டர் சுமார் 5 வருஷம் வரும். நூலாவதற்கு முன்பே சாயம் கலந்த அக்ரிலிக் 8 முதல் 10 வருஷம் நிற்கும். விலை அதிகம்தான், ஆனால் மேற்குப் பார்த்த கடைக்கு அதுவே லாபம்.

கடையில் துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் மேல்சாயம், சீக்கிரம் வெளுக்கும்.

பெரும்பாலும் முதலில் போவது துணி இல்லை, தையல். புற ஊதாக் கதிரில் நூல் மக்கி, நகத்தால் நெருடினாலே பொடியாக உதிரும். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். புற ஊதா தாங்கும் தடித்த பாலியெஸ்டர் நூலில் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். 3 வருஷத்துக்கு ஒருமுறை தையலை மட்டும் புதுப்பித்தால் துணியின் ஆயுள் நீளும்.

அடுத்த எதிரி இரும்புச் சட்டம். துணி படும் இடமெல்லாம் கொதித்து, துரு ஏறி, அந்தக் கோட்டிலேயே கிழியும். துரு தடுப்புப் பெயின்ட் அடித்து, வெளிர்நிறப் பட்டையைச் சுற்றிவிட்டுத் துணியைக் கட்டுங்கள். தொளதொளவென்று கட்டினால் ஆடிக்காற்று படபடவென அடித்தே கயிறு கோக்கும் கண்ணிகளைப் பிய்த்துவிடும். 4 அடி நீட்டத்துக்கு 1 அடி சரிவு வையுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழை நடுவில் தேங்கித் தொந்தி போட வைக்கும்.

புறா எச்சத்தை அன்றன்றே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் தையல் நூலுக்கும் பூச்சுக்கும் ஆகாது.