ஜப்பானில் குழந்தைகளோடு முதன்முறை வெளியே போவது எப்படி?

டோக்கியோவுக்கு வந்த புதிதில், இரண்டு மாதம் நாங்கள் காய்கறிக் கடையைத் தாண்டி எங்குமே போகவில்லை. பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு இரண்டு. ரயிலில் அவன் அழ ஆரம்பித்தால் என்ன செய்வது என்ற பயம்தான். பிறருக்குத் தொந்தரவாக இருப்பதை இங்கே ‘மெய்வாகு’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பவே தயக்கம். இதே தயக்கத்தோடு ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை இப்போதும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: இடத்தையும் நாளையும் முடிவு செய்யுங்கள்

முதல் தடவையே டிஸ்னிலாண்ட் வேண்டாம். நான் எல்லோருக்கும் சொல்வது கசாய் ரின்காய் பூங்கா. கடலோரம், பரந்த புல்வெளி, உள்ளே போகக் கட்டணம் இல்லை. பூங்காவுக்குள்ளேயே மீன் காட்சியகம் இருக்கிறது. பெரியவர்களுக்கு 700 யென், தொடக்கப் பள்ளி வரை உள்ள குழந்தைகளுக்கு இலவசம். வளையம் போன்ற பெரிய தொட்டியில் சூரை மீன்கள் கூட்டமாகச் சுற்றுவதைக் குழந்தைகள் மணிக்கணக்கில் பார்ப்பார்கள். காட்சியகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாற வேண்டாம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் தொடர் விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: பயண அட்டையை முன்கூட்டியே வாங்குங்கள்

சுய்கா, பாஸ்மோ இரண்டில் எது இருந்தாலும் ரயில், பேருந்து, கடை எல்லாவற்றுக்கும் போதும். 6 முதல் 11 வயது வரை ரயிலில் அரைக் கட்டணம், அதற்குக் குழந்தைகளுக்கான அட்டை தனியாக உண்டு. வயதுச் சான்றுக்குக் குழந்தையின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் கவுண்டருக்குப் போங்கள். 500 யென் வைப்புத்தொகை. ஸ்டேஷன் நுழைவுக் கதவில் அந்த அட்டையை வைத்தால் அது ‘பியோ பியோ’ என்று குஞ்சு மாதிரி கத்தும். என் மகள் அதற்காகவே முன்னால் ஓடுவாள். பள்ளி சேராத குழந்தைகள், ஒரு பெரியவருக்கு இருவர் வரை, ரயிலில் இலவசம்.

அப்புறம் உங்கள் வசிப்பிட அட்டை. 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் அதை எப்போதும் கையில் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம்.

படி 3: பையைக் கட்டுங்கள்

பாதி நிம்மதி இந்தப் பையில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாப்பாடு வீட்டிலிருந்தே. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மத்தியானம் வரை தாங்கும். தயிர்சாதம் கோடையில் வேண்டாம். போதாமல் போனால் கடையில் கிடைக்கும் உருண்டைச் சோறான ஒனிகிரி இருக்கிறது. சைவம் என்றால் உப்பு மட்டும் போட்டதைத் தேடுங்கள். உமெபோஷி என்னும் புளிப்புப் பழம் வைத்ததிலும் சில சமயம் மீன் தூள் சேர்த்திருப்பார்கள். கைபேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் பொருட்பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். ‘நிக்கு’ இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் இறைச்சியைத்தான் நினைத்துக்கொள்வார்கள். ‘சகனா’, அதாவது மீனையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கைக்குட்டை ஆளுக்கு ஒன்று. பல கழிப்பறைகளில் கை துடைக்கத் தாள் இருக்காது. குப்பைக்கு இரண்டு பைகள், ஒன்று காகிதத்துக்கும் மிச்சச் சாப்பாட்டுக்கும், மற்றது பிளாஸ்டிக்குக்கு. தெருவில் குப்பைத்தொட்டி தேடி அலையாதீர்கள். எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் பிரித்துப் போடுகிறார்கள். நூறு யென் கடையில் ஒரு ‘லேஜா ஷீட்’, அதாவது புல்லில் விரிக்கும் பாய், கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: கிளம்புங்கள்

காலை எட்டு மணி நெரிசலை விட்டுவிட்டுப் பத்து மணிக்குமேல் புறப்படுங்கள். நிஷி-கசாய் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கிருந்தே நகரப் பேருந்து உண்டு. முன்வாசலில் ஏறி அட்டையைக் கருவியில் வைக்க வேண்டும், நடுவாசலில் இறங்க வேண்டும். நிறுத்தப் பொத்தானை அழுத்தும் வேலையைக் குழந்தையிடமே கொடுங்கள்.

டோக்கியோ ஸ்டேஷன் வழியாக வருபவர்கள் கெய்யோ என்னும் ரயில் பாதையில் ஏற வேண்டும். அதன் நடைமேடை மற்றவற்றிலிருந்து வெகு தூரம், தள்ளுவண்டியோடு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். விரைவு வண்டிகள் பூங்காவின் ஸ்டேஷனான கசாய் ரின்காய் கோயெனில் நிற்பதில்லை. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி பார்த்து ஏறுங்கள். தவறவிட்டால் அடுத்தது டிஸ்னிலாண்டின் மைஹாமா. வேறு ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்ற பயம் வேண்டாம், எதிர்ப்பக்க வண்டியில் ஒரே ஸ்டேஷன்தான்.

வண்டிக்குள் கைபேசியை மௌனமாக்குங்கள், அதில் பேச வேண்டாம். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியை மடிக்கத் தேவையில்லை. குழந்தை அழுதால்? ‘சுமிமசேன்’, அதாவது மன்னிக்கவும் என்று மெதுவாகச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிடம் உட்காருங்கள். சின்னவன் முதல் நாளே அழுதான். எதிரே இருந்த பாட்டி தன் கைக்குட்டையை மடித்து முயலாக்கி அவன் முன்னால் ஆட்டிக் காட்டினார். அழுகையும் நின்றது, என் பயமும் அன்றே பாதி போனது.

படி 5: பூங்காவில்

பாயை விரித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். இது நம் வீட்டு வழக்கம்தான், சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துப் பாய்களைக் கவனியுங்கள். செருப்புகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து ஒரே வரிசையில் இருக்கும், இறங்கும்போது அப்படியே மாட்டிக்கொள்ள வசதியாக. என் மகள் யாரும் சொல்லாமலே எங்கள் நான்கு ஜோடிகளையும் திருப்பி வைத்தாள்.

சாப்பிட்டதும் மேற்குக் கடற்கரைக்கு நடக்கலாம். கிழக்குப் பக்கம் பறவைகளுக்கு விட்ட இடம், மனிதர் போகக் கூடாது. 2018இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கடலோரம் இது. பூங்காவில் ஒரு பெரிய ராட்டினமும் உண்டு, உயரம் 117 மீட்டர், ஒரு சுற்றுக்கு 17 நிமிடம். குளிர்காலத்து நல்ல வெயில் நாளில் அதன் மேலிருந்து ஃபுஜி மலை தெரியும்.

படி 6: ஏதாவது தொலைந்தால்

திரும்பும் வழியில் சின்னவனின் ஒரு ஷூ எங்கோ விழுந்திருந்தது. தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்தேன். பாதையோர வேலிக்கம்பியின் மேல், மிதிபடாமல், கண்ணில் படும்படி யாரோ அதைக் கவிழ்த்து மாட்டியிருந்தார்கள். எனவே ஏதாவது காணாமல் போனால் முதலில் வந்த பாதையிலேயே தேடுங்கள். பிறகு ஸ்டேஷன் ஊழியரிடம் கேளுங்கள், அப்புறம் தெருமுனைக் காவல் சாவடியான ‘கோபான்’. குழந்தையே கண்ணில் படவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் 110க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 119.

மாலையில் பேட்டையின் ஒலிபெருக்கியில் மெல்லிய இசை கேட்டால் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் என்று பொருள். அப்போது பாயை உதறி மடித்து, குப்பைப் பைகளை முடிச்சிட்டு, வண்டி கூட்டமாகும் முன் ஏறிவிடுங்கள்.