வேதியியல் ஆய்வகத்தின் தயாரிப்பு அறை: கவனிக்க வேண்டியவை

மேல்நிலைப் பள்ளியில் ஆய்வகம் கட்டும்போது, ரசாயனங்களை வைத்துக் கரைசல்களைத் தயாரிக்கும் தயாரிப்பு அறை கடைசியில் மிஞ்சிய மூலைக்குப் போய்விடும். அதை ஆய்வகத்தை ஒட்டியே, நேரடிக் கதவோடு அமையுங்கள். அமில பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மாணவர் நடமாடும் வராந்தாவைக் கடக்கும் நிலை வரக்கூடாது.

முக்கியமானது அலமாரி அடுக்கு. அகர வரிசை பார்க்க அழகுதான். ஆனால் அது எரியக்கூடிய அசிட்டிக் அமிலத்துக்குப் பக்கத்திலேயே, எரிதலைத் தூண்டும் அம்மோனியம் நைட்ரேட்டைக் கொண்டுவந்து வைத்துவிடும். எனவே வகைவாரியாகப் பிரியுங்கள். அடர் அமிலங்கள் தரையை ஒட்டிய தட்டில், பிளாஸ்டிக் தட்டத்துக்குள் இருக்கட்டும். கசிந்தால் அதிலேயே தேங்கும். நைட்ரிக் அமிலத்துக்குத் தனித் தட்டம் வேண்டும். அசிட்டிக் அமிலம், ஆல்கஹால், அசிட்டோன் போன்ற எரியக்கூடியவை அதன் அருகே வரவே கூடாது. அம்மோனியா கரைசலையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஒரே அலமாரியில் பூட்டினால், சில நாட்களில் பாட்டில்கள் மேல் வெள்ளைப் பொடி படியும். அது அம்மோனியம் குளோரைடு. லேபிள் எழுத்தே தெரியாமல் போகும். இரும்பு அலமாரியும் அமில ஆவியில் துருப்பிடிக்கும். மரமோ பிளாஸ்டிக்கோ மேல்.

உப்புப் பகுப்பாய்வுக்கு ஹைட்ரஜன் சல்பைடு தரும் கிப் உபகரணத்தைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் மூடிய பெட்டி) வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் குறைந்தது ஆபத்து குறைந்ததாகாது.

எரிவாயுவை மொத்தமாக நிறுத்தும் வால்வு ஆசிரியர் மேசை அருகே, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.