ஒழுகும் பந்தல் போடுவது எப்படி

பந்தல்கார அண்ணன் மட்டைகளை நெருக்கி அடுக்க ஆரம்பித்ததும் நான் நிறுத்தினேன். "இடைவெளி விடுங்கண்ணே, நட்சத்திரம் தெரியணும்." "மழை வந்தா?" "ஒழுகட்டும்." மேலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்குக் கூரைன்னு பேருங்களா?"

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறோம். அங்கே தங்க வந்த ஒரு யூதக் குடும்பத்துக்காகத்தான் அந்தப் பந்தல். பண்டிகையின் பெயர் சுக்கோத்; பைபிள் வாசிப்பவர்களுக்குக் கூடாரப் பண்டிகை என்றால் தெரியும். எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் குடில்களில் இருந்த நினைவாக, ஏழு நாளும் குடிலில்தான் சாப்பாடு. முடிந்தால் தூக்கமும் அதிலேயே. அவர்கள் காலண்டரில் திஷ்ரி மாதம் 15, பௌர்ணமியை ஒட்டி வரும். 2026இல் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்குகிறது. உங்கள் வீட்டுக்கும் யாராவது அப்படி வருவதாக இருந்தால், நான் தப்புத் தப்பாகச் செய்து கற்றது உதவும்.

முதலில் இடம். குடிலுக்கு மேலே வெறும் வானம்தான் இருக்க வேண்டும். மரக்கிளை, சன்ஷேடு எதுவும் குறுக்கே வரக் கூடாது. காப்பித் தோட்டத்தில் அது லேசில்லை. எங்கே நின்றாலும் தலைக்கு மேலே சில்வர் ஓக். கடைசியில் காப்பி காயப் போடும் களம்தான் கைகொடுத்தது. அறுவடைக்கு முன்பு அது சும்மாதானே கிடக்கிறது.

சுவரை முதலில் முடித்துவிட்டுத்தான் கூரைக்குப் போக வேண்டும். மூன்று பக்கம் மறைத்தால் போதும். பலகை, தகரம், தார்ப்பாய் எதுவானாலும் சரி. தார்ப்பாய் என்றால் காற்றில் படபடக்காதபடி அடியிலும் இழுத்துக் கட்டுங்கள்.

கூரையில்தான் விஷயம் இருக்கிறது. மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், வெட்டியதாகவும் இருக்க வேண்டும். வேரோடு நிற்கிற கொடியை மேலே படரவிட்டால் செல்லாது. வெயிலைவிட நிழல் அதிகம் வேண்டும்; ஆனால் மழை உள்ளே வராத அளவுக்கு அடைக்கவும் கூடாது. கம்பியும் நைலான் கயிறும் வேண்டாம் என்றார்கள், வாழைநாரில் கட்டினோம். காசை மிச்சம் பிடிக்கலாம் என்று முதலில் சில்வர் ஓக் கிளைகளைப் போட்டேன். மூன்றாம் நாளே இலை காய்ந்து ஒவ்வொன்றாகச் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. இலை உதிர்கிற கிளையைத் தவிர்க்க வேண்டும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறதாம்! அப்புறம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுவந்த தென்னை மட்டைதான் நின்றது. முடையாமல், நெடுக்காகப் பிளந்து போட்டோம். எட்டுக்குப் பத்தடிக் குடிலுக்குப் பன்னிரண்டு மட்டை ஆனது.

உள்ளே அலங்காரம் பிள்ளைகள் வேலை. பழங்களைத் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். ஏற்காட்டில் அது குரங்குக்கு வைக்கிற விருந்து. மதியத்துக்குள் ஒரு ஆரஞ்சுகூட மிஞ்சவில்லை. காகிதச் சங்கிலி, பச்சை மிளகுச் சரம் என்று மாறிக்கொண்டோம்.

வெள்ளி இரவு அவர்களுடைய வாராந்திர ஓய்வுநாளும் சேர்ந்து வருவதால் விளக்கு விஷயத்தில் கவனம். எது எரிய வேண்டுமோ அதைச் சூரியன் மறைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு சுவிட்சைத் தொடவே கூடாது. எங்கள் வேலைக்காரப் பையன் வழக்கம்போல ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டான். போடச் சொல்லி நம்மிடம் நேராகக் கேட்பதும் அவர்களுக்கு ஆகாது. நான் டார்ச்சோடு போய்ப் பார்க்கும்வரை பாவம், இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

காலை ஜெபத்தில் பேரீச்சங்குருத்து, மிர்ட்டில் கிளை, வில்லோ கிளையை ஒன்றாகப் பிடித்து, நார்த்தங்காய் போன்ற எத்ரோக் பழத்தையும் சேர்த்து, நாலு திசைக்கும் மேலும் கீழும் அசைப்பார்கள். சனிக்கிழமை மட்டும் கிடையாது. நாலையும் அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள். எத்ரோக் நுனியில் ஒரு சின்னக் குமிழ் இருந்தால் அது உடையக் கூடாது, நீங்கள் தொடாமலிருப்பது நல்லது. முழுச் சபை ஜெபத்துக்குப் பதின்மூன்று வயது தாண்டிய பத்து ஆண்கள் வேண்டும். சில பிரிவுகளில் பெண்களையும் எண்ணுவார்கள். எங்களிடம் இருந்தது மூன்று பேர். சபை கூடினால் மட்டும் சொல்லும் பகுதிகளை விட்டுவிட்டு, மற்றதைக் குடும்பமாகச் சொல்லிக்கொண்டார்கள். அப்போது நாம் தள்ளி நின்றால் போதும். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் மறுக்காதீர்கள், குடிலுக்கு விருந்தாளி வருவதும் பண்டிகையில் சேர்ந்ததுதான்.

சமையலுக்கு அவர்கள் பாத்திரம், அவர்கள் பற்றவைத்த அடுப்பு. பெருங்காய டப்பாவில் அவர்கள் உணவு விதிப்படி சரி என்று காட்டும் முத்திரை இல்லாததால் அதையும் ஒதுக்கிவிட்டு என் மனைவி ரசம் வைத்தாள். நாலாம் நாள் ராத்திரி அதைப் பரிமாறும்போது தூற ஆரம்பித்தது. நாங்கள் எழுந்தோம், அவர்கள் அசையவில்லை. மழை சாப்பாட்டைக் கெடுக்கும் அளவுக்கு வந்தால்தான் உள்ளே போகலாமாம். அந்தக் குடும்பத் தலைவர் கரண்டியால் ரசத்தைக் கலக்கி வாயில் வைத்துப் பார்த்தார், இன்னும் காரம் இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு வாய். இந்தத் தடவை தலையை ஆட்டினார். எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினோம்.