செம்மறிக் காட்டுக்கு முள்கம்பி வேலி: காசை மூலையிலும் அடியிலும் போடுங்கள்

வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் ஆடு வைத்திருப்பவர்களுக்கு இப்போது வேலி என்றாலே நாய்தான் ஞாபகம் வருகிறது. முன்பு ஆடு வெளியே போகாமலிருக்க வேலி போட்டோம். இப்போது நாய் உள்ளே வராமலிருக்கப் போடுகிறோம். இரண்டுக்கும் ஒரே வேலி ஆகாது. ஆடு நெஞ்சைக் கொடுத்து முட்டும், கம்பி இடுக்கில் தலையை விடும். நாய் மண்ணைப் பறித்து அடியில் நுழையும். கொறங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் காட்டுக்கு, கம்பி வேலி போடப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: உயரத்துக்குச் செலவு பண்ணாதீர்கள், மூலைக்கும் அடிக்கும் பண்ணுங்கள்.

முதலில் சர்வேயரை வைத்து அத்துக்கல்லை, அதாவது எல்லைக் கல்லை, காட்டச் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் பக்கத்துக் காட்டுக்காரரும் கூட நிற்க வேண்டும். இதை விட்டுவிட்டு வேலி போட்டு, பிறகு பிடுங்கிய குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அடுத்தது கணக்கு. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. நாலு ஏக்கர் என்றால் நாலு மடங்கு ஆகாது, இரண்டு மடங்குதான், 1,670 அடி. துண்டு துண்டாகப் பிரித்து வேலி போட்டால் செலவு ஏறுவது இதனால்தான். மாட்டுக்கு 10 அடிக்கு ஒரு கல், அதாவது கம்பி கட்டும் கல்தூண், போதும். செம்மறிக்கு 8 அடி வையுங்கள். 7 அடிக் கல்லில் 2 அடி மண்ணுக்குள் போய்விடும். கல்லை இறக்கும்போதே ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுங்கள். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மூலைக்கல்தான் வேலிக்கு உயிர். அது 8 அடிக் கல்லாக இருக்கட்டும். 3 அடி புதைத்துக் கான்கிரீட் போடுங்கள். மூலையில் இரண்டு திசைக்குக் கம்பி போகிறது, அதனால் சாய்த்துத் தாங்கக் கொடுக்கும் முட்டுக்கல்லும் இரண்டு. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கல் வெளியே சாயும் என்று நினைத்து முட்டுக்கல்லை வெளிப்பக்கம் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் காட்டில் வேலி போட்ட பெரியவர் இதைப் பார்த்தால் சிரிப்பார். “கம்பி இழுக்கற பக்கந்தானுங்க அம்மணி கல்லு சாயும். முட்டு அங்கதான் நிக்கோணும்” என்பார். அதாவது, முட்டு கம்பி ஓடும் வரிசையிலேயே, கம்பிக்கு அடியில் நின்று, மூலைக்கல்லின் பாதிக்கு மேலே தலை வைக்க வேண்டும். தலை வழுக்காமலிருக்க மூலைக்கல்லில் ஒரு காடி (சின்னப் பள்ளம்) கொத்தச் சொல்லுங்கள். முட்டின் அடி வெறும் மண்ணில் நிற்கக் கூடாது. ஒரு பட்டைக்கல்லைப் புதைத்து அதன்மேல் ஊன்ற வேண்டும். நேர் வரிசையிலும் 100 அடிக்கு ஒரு கல்லுக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுங்கள். கான்கிரீட்டுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு, அதற்கப்புறம்தான் கம்பி இழுக்க வேண்டும். மறுநாளே இழுக்கலாம் என்று ஆட்கள் அவசரப்படுவார்கள். அவர்களுக்கு அடுத்த வேலை காத்திருக்கும்.

கம்பியை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெலிசு. 12 கேஜில் கிலோவுக்குச் சுமார் 25 அடி வரும், 14 கேஜில் 40 அடிக்கு மேல் வரும். 14 கேஜ் மலிவாகத் தெரிவது இதனால்தான், ஆனால் ஆடு உரசும் இடத்தில் தாங்காது. ரோலில் கட்டியிருக்கும் சீட்டில் முள்கம்பிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 278 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு துண்டு இழையைப் பிரித்து அதன்மேலேயே இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். துத்தநாகப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த ரோல் வேண்டாம்.

ரோலுக்கு நடுவே கடப்பாரையைக் கொடுத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்தால் கம்பி முறுக்கில்லாமல் பிரியும். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் வேண்டும். கீழ்க் கம்பியில் தொடங்குங்கள். மேல் கம்பிகள் வரும்வரை தாண்டிப் போக வசதி. தரையிலிருந்து நான் வைக்கும் உயரம்: 4, 9, 15, 22, 31, 42, 54 அங்குலம். மொத்தம் ஏழு வரி, அடியில் நெருக்கம், மேலே அகலம். இழுப்பதற்குக் கையால் இயக்கும் இழுவைக் கருவி, கை வின்ச், போதும், டிராக்டரில் கட்டி இழுக்காதீர்கள். அறுந்த கம்பி சாட்டையாகத் திரும்பி வரும், யாரும் அதன் நேரே நிற்கக் கூடாது. இரண்டு கல்லுக்கு நடுவே பிடித்துத் தூக்கினால் இரண்டு விரல் உயரம் எழும்ப வேண்டும், அந்த இறுக்கம் சரி.

கல்லோடு கட்டுவதற்கு ஆட்கள் கருப்புக் கட்டுக்கம்பியைத்தான் கொண்டுவருவார்கள். அது கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டியது. வெயில் மழையில் சீக்கிரமே துருப்பிடித்து விட்டுவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வாங்கிக் கொடுங்கள். நடுக்கற்களில் உயரம் நிற்கிற அளவுக்குக் கட்டினால் போதும். நெரித்துக் கட்டினால், பின்னால் தொய்வு எடுக்கும்போது கம்பி நகராது.

இத்தனைக்கும் பிறகு நாய் அடியில் பறிக்கத்தான் செய்யும். பட்டி இருக்கும் பக்கம் மட்டுமாவது 3 அடி செயின்லிங்க் வலையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, அடியில் அரை அடி மண்ணுக்குள் விட்டு, மேலே கல் அடுக்குங்கள். காடு முழுக்கப் போட எல்லோராலும் முடியாது. என்னாலும் முடியவில்லை.

கரண்டு கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ கம்பியில் கொடுப்பது குற்றம், ஆள் செத்துப்போகும். சோலார் மின்வேலி துடிப்பாகத்தான் அதிர்ச்சி கொடுக்கும், அது வேறு. அதற்கும் தமிழ்நாட்டில் 2023-இல் விதிகள் வந்திருக்கின்றன. வனத்துறையிடம் கேட்காமல் போடாதீர்கள்.

பழுது பார்க்க ஐப்பசி மழை விட்டதும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். கீழ் முள்ளில் மயிர் ஒட்டியிருக்கிறதா, பறித்த மண் ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பழைய குழி என்றால் கல்லைப் போட்டு இடித்துவிடலாம். புதுக் குழி என்றால் அன்றைக்கு ராத்திரியே நாய் திரும்ப வரும்.

அறுந்த கம்பியின் இரண்டு முனையையும் சும்மா முறுக்கிவிட்டால் அடுத்த இழுப்பில் உருவிக்கொள்ளும். ஒரு முனையை வளையமாக மடக்கித் தன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். மற்ற முனையில் புதுத் துண்டை அதே மாதிரி வளையம் கோத்து இணையுங்கள். பிறகு துண்டை முதல் வளையத்துக்குள் நுழைத்து, வின்ச்சில் இழுத்து, மடக்கிச் சுற்றி முடியுங்கள். சாய்ந்த கல்லைக் கம்பியோடு நிமிர்த்தாதீர்கள். கட்டுகளை அவிழ்த்து, நிமிர்த்தி, சுற்றிலும் ஜல்லி போட்டு இடித்து, அப்புறம் கட்டுங்கள்.

வாரி (மழைநீர் ஓடும் ஓடை) குறுக்கே போகும் இடத்தில் கம்பியைத் தனித் துண்டாக, லேசான கட்டில் தொங்கவிடுங்கள். வெள்ளம் வந்தால் அது மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு பக்கத்துக் கல்லும் நிற்கும். வேலிக் கம்பியை வேப்பமரத்தில் ஆணி அடித்துக் கட்டுவது வேண்டாம். மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும், பின்னால் அறுக்கிற ஆளுக்கு ஆபத்து.

கம்பிக்கு உள்பக்கமாக மழைக்கு முன்பே கிளுவை மரத்தின் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, ஊன்றிவிடுங்கள். கம்பி துருவேறும் காலத்தில் கிளுவை தடித்திருக்கும்.

வேலை முடிந்த அன்றே வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும். புல்லோடு மாடு விழுங்கினால் வயிற்றைத் துளைத்து இதயம் வரை குத்தும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலியோரம் இழுத்துக்கொண்டு நடந்தால் கண்ணில் படாததும் ஒட்டிக்கொண்டு வரும்.