ஸ்பெயின் நகரங்களின் உணவுச் சந்தைகள்: எப்போது போவது, எதைப் பார்ப்பது, எப்படி வாங்குவது

ஸ்பெயினில் மாநகர சபைகளின் பொறுப்பில் உள்ள உணவுச் சந்தைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் மூடியிருக்கும். திங்கட்கிழமையன்று கதவுகள் திறந்திருந்தாலும், முந்தைய நாள் பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போகாததாலும் துறைமுகங்களில் மீன் ஏலம் நடக்காததாலும் மீன் கடைகளிற் பல பூட்டியே இருக்கும். எனவே பயண நாட்களை வகுக்கும்போதே செவ்வாய் முதல் சனி வரையான நாட்களில் ஒரு காலைப்பொழுதைச் சந்தைக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். வலென்சியாவின் மத்திய சந்தை காலை 7.30 மணிக்குத் திறந்து பிற்பகல் 3 மணிக்கு மூடிவிடும். பார்சிலோனாவின் பொகேரியா சந்தை இரவு 8.30 மணி வரை திறந்திருக்கும் என்றாலும் மாலையில் அங்கே மீன், இறைச்சிக் கடைகள் பலவற்றில் வியாபாரம் முடிந்திருக்கும். ஊர்மக்கள் சமையலுக்குச் சாமான் வாங்க வரும் நேரம் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்டது. நாமும் அந்த நேரத்திலேயே போக வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் பல கடைக்காரர்கள் விடுமுறையில் போய்விடுவார்கள். ஜனவரி 6, ஓகஸ்ட் 15, ஒக்டோபர் 12, டிசம்பர் 6, டிசம்பர் 8 ஆகியவை நாடு முழுவதற்குமான பொது விடுமுறைகள் என்பதையும் நாட்காட்டியிற் குறித்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோர ஊர்களிலும் பல குடும்பங்களின் பிள்ளைகள் பாரிஸிலோ சூரிச்சிலோ இலண்டனிலோ இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரையும் சகோதரர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பிரான்ஸோ சுவிற்சர்லாந்தோ வழங்கிய ஷெங்கன் விசாவில், அனுமதிக்கப்பட்ட நாட்களுக்குள், ஸ்பெயினுக்கும் போய்வரலாம். பிரித்தானிய விசா மட்டும் இருந்தால் அது ஸ்பெயினுக்குப் பயன்படாது. ஒரு நகரத்தில் தேவாலயத்தையும் அரண்மனையையும் விளங்கிக்கொள்ள நமக்கு இன்னொருவரின் விளக்கம் தேவைப்படும். ஆனால், வாழைச்சேனையிலோ ஒலுவிலிலோ கரைக்கு வந்த மீனையும், களத்தில் குவித்த நெல்லையும் பார்த்து வளர்ந்தவருக்குச் சந்தையில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சந்தையை முதல் நாளிலேயே பார்த்துவிடும்படி சொல்கிறேன்.

எந்தச் சந்தைக்குப் போவது என்பதில் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். மட்ரிட் நகரின் பெரிய சதுக்கமான பிளாசா மயோருக்குப் பக்கத்தில் உள்ள சான் மிகேல் சந்தை, 1916இல் எழுந்த இரும்புக் கட்டடம். 2009இலிருந்து அது சிறு தட்டுகளில் உணவு விற்கும் இடமாக இயங்குகிறது. ஞாயிறன்றும் திறந்திருக்கும், பார்க்க அழகானது, ஆனால் அங்கே யாரும் வீட்டுச் சமையலுக்கு மீன் வாங்குவதில்லை. பொகேரியாவோ இன்னமும் உண்மையான சந்தைதான். எனினும் லா ராம்ப்லா வீதியை ஒட்டியிருப்பதால் பயணிகள் கூட்டம் மிகுந்து, வாசற்பக்கக் கடைகள் வெட்டிய பழக்கிண்ணங்களையும் பழச்சாறுகளையும் விற்கும் கடைகளாகிவிட்டன. அங்கே போனால் வாசலில் நிற்காமல் நேரே நடுவிலுள்ள மீன் பகுதிக்குச் செல்லுங்கள். கைப்பையை முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த வீதியில் பணப்பை திருடுவோர் அதிகம். என் விருப்பம், அங்கிருந்து நடந்து போகக்கூடிய சாந்தா கதெரினா சந்தை. வண்ண ஓடுகள் பதித்த அலைபோன்ற கூரையுடன் 2005இல் மீண்டும் திறக்கப்பட்ட இடம் அது. 1882ஆம் ஆண்டின் இரும்புக் கட்டடத்தில், நீண்ட திருத்த வேலைக்குப் பின் 2018இல் மீளத் திறந்த சாந்த் அந்தோனி சந்தையும் நல்லது. மட்ரிட்டில் என்றால் குவாத்ரோ கமினோஸ் பகுதியிலுள்ள மரவில்யாஸ் சந்தைக்கோ, அந்தோன் மார்த்தின் சந்தைக்கோ போகலாம்.

உள்ளே போனதும் மீன் கடைகளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான மீன்கள் வேறு இனமாக இருந்தாலும், தெளிந்து புடைத்த கண், சிவந்த செவுள், அழுத்தினால் மீளும் தசை என்று இங்கே பார்ப்பதெல்லாம் அங்கேயும் செல்லும். ஒரே ஒரு வித்தியாசம், அழுத்திப் பார்ப்பதை நீங்கள் செய்யக் கூடாது. கண்ணால் மட்டுமே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இறாலும் கணவாயும் நண்டும் சூரையும் உடனே பிடிபடும். நெத்தலியின் உறவினமான சிறு மீன் அங்கே பொகெரோன் எனப்படும். தெற்கு நகரங்களில் அதை மாவிற் புரட்டிப் பொரித்து, தலையை மட்டும் கிள்ளிவிட்டு முழுதாக உண்கிறார்கள். ஒவ்வொரு மீன் குவியலிலும் குத்தியிருக்கும் சிறு அட்டையை வாசிக்கப் பழகுங்கள். ஐரோப்பியச் சட்டப்படி அதில் மீனின் வணிகப் பெயரும் விஞ்ஞானப் பெயரும், கடலிற் பிடித்ததா வளர்த்ததா என்பதும், பிடித்த கடற்பகுதியும் எழுதியிருக்க வேண்டும். ‘அக்குவிகுல்துரா’ என்றிருந்தால் அது வளர்ப்பு மீன். ‘தெஸ்கொன்ஹெலாதோ’ என்றிருந்தால் உறைநிலையிலிருந்து இளக்கியது, இறாலில் இதை அடிக்கடி காணலாம். கடற்பகுதி எண்ணில் குறிக்கப்பட்டிருக்கும்: 27 வடகிழக்கு அத்திலாந்திக், 37 மத்தியதரைக் கடல், 34 ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கடல். 51 அல்லது 57 என்று கண்டால் அந்த மீன் நமது இந்து சமுத்திரத்திலிருந்து போனது.

மீன் பகுதியின் ஓரத்தில் உப்பிட்ட கொட் மீனுக்கென்றே தனிக் கடை ஒன்று பெரும்பாலும் இருக்கும். பக்கலாவோ எனப்படும் இந்த உப்புமீன் நோர்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருவது. ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைப் பலமுறை மாற்றிய பின்பே சமைப்பார்கள். ஊறவைக்க வசதியில்லாதவர் உப்பு நீக்கிய ‘தெசலாதோ’ துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். தென்கரையின் மொஹாமா இன்னும் சிறப்பானது. சூரையினத்தின் முதுகுத் தசையை உப்பிட்டுக் காற்றில் உலர்த்தி, தாள்போல் மெல்லிதாகச் சீவி, ஒலிவ் எண்ணெயும் வாதுமையும் சேர்த்துத் தருவார்கள். கருவாட்டை அறிந்த நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். 100 கிராம் வாங்கினால் நால்வர் உண்ணலாம்.

வாங்கும் முறை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் மீன் கடை முன்னால் வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் சிதறி நிற்பார்கள், ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். சில கடைகளில் இலக்கச் சீட்டு கொடுக்கும் சிறு இயந்திரம் இருக்கும். இல்லாவிட்டால், வந்தவுடன் பொதுவாக எல்லாரையும் பார்த்து ‘கியேன் எஸ் எல் உல்திமோ?’, அதாவது கடைசியாக நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும். ஒருவர் கையை உயர்த்துவார். அவருக்குப் பின் உங்கள் முறை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் முன்னே போய் நிற்பதை மிகவும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். கேட்டுவிட்டால் பக்கத்தில் நிற்கும் முதிய பெண்மணியே உங்களுக்கு நல்ல மீனைக் காட்டித் தரவும் கூடும். முறை வந்ததும் ‘புவேனோஸ் தீயாஸ்’ என்று வணக்கம் சொல்லி, ‘மே போனே’ என்று தொடங்கி அளவைச் சொல்லுங்கள்: ‘சியென் கிராமோஸ்’ 100 கிராம், ‘குவார்த்தோ தே கிலோ’ 250 கிராம், ‘மெதியோ கிலோ’ 500 கிராம். மீனைக் காட்டி ‘மே லோ லிம்பியா?’ என்றால் செதில் நீக்கிக் குடல் எடுத்துத் தருவார்கள். அதற்குத் தனிக் காசு பொதுவாக இல்லை. எல்லாம் முடிந்ததும் ‘நாதா மாஸ், கிராசியாஸ்’ என்று சொல்லலாம். பழத்தையோ தக்காளியையோ கையால் பொறுக்க முற்படாதீர்கள். இன்று உண்பதற்கா நாளைக்கா என்று கேட்டு, கடைக்காரரே பதம் பார்த்து எடுத்துத் தருவார். கிலோ விலை பலகையில் எழுதியிருக்கும். பேரம் பேசும் வழக்கம் இல்லை. வங்கி அட்டையைப் பெரும்பாலான கடைகள் ஏற்றாலும், சிறு தொகைக்குச் சில்லறை யூரோ வைத்திருப்பது நல்லது. படம் பிடிக்க விரும்பினால் முதலில் ஏதாவது வாங்கி, பிறகு ‘புவேதோ?’ என்று அனுமதி கேளுங்கள். நூற்றுக்கணக்கானோர் வாங்காமல் படம் மட்டும் பிடித்துப் போவதைப் பார்த்துச் சலித்துப்போன வியாபாரிகளிடம், ஒரு கைப்பிடி ஒலிவ் காய் வாங்கியவருக்குக் கிடைக்கும் வரவேற்பே வேறு.

ஒரேயொரு சந்தைக்குத்தான் நேரம் உண்டு என்றால் வலென்சியாவைத் தெரிவுசெய்யுங்கள். 1928இல் திறக்கப்பட்ட மத்திய சந்தை, கண்ணாடியும் இரும்பும் வண்ண ஓடுகளும் சேர்ந்த பெரிய குவிமாடத்தின் கீழ் இயங்குகிறது. அந்நகருக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீற்றரில் அல்புஃபேரா என்ற களப்பு இருக்கிறது. அதைச் சுற்றிலும் வயல், அதில் விலாங்கு மீன், மணற்திட்டுக்கு அப்பால் கடல் என்று, மட்டக்களப்பு வாவிக் கரையில் நிற்பது போன்ற உணர்வைத் தரும் நிலம் அது. அராபியர் காலத்தில் பரவிய நெற்செய்கை அங்கே ஆண்டுக்கு ஒரு போகம்தான். மே மாதத்தில் விதைத்து செப்டெம்பரில் அறுவடை செய்கிறார்கள். அந்த நெல்லின் அரிசியைச் சந்தையில் சிறு துணிப்பைகளில் விற்பார்கள். பொம்பா என்ற குறுகிய, பருத்த அரிசி தன் அளவைவிடக் கூடுதலான நீரை உறிஞ்சியும் குழையாதது என்பதால் விலை கூடியது. பக்கத்துக் கடையில் பாயேயா என்ற அரிசி உணவுக்கு வேண்டிய அகன்ற பச்சை அவரையும், காரோஃபோ என்ற பெரிய வெள்ளை அவரை விதையும் இருக்கும். வலென்சியாக்காரரின் பாயேயாவில் கோழியும் முயலும்தான் சேரும், கடலுணவு சேர்ப்பது வேறு வகை; மேலும் அது மதியச் சாப்பாடு, இரவில் அதைத் தேடிப் போவது பயணிகளே. மீன் பகுதியில் உயிருள்ள விலாங்குகளைக் காணலாம். ஓர்சாத்தா என்ற குளிர்பானத்தையும் தவறவிடாதீர்கள். கோரைப் புல்லின் உறவினமான ஒரு புல்லின் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் அது. மாட்டுப்பால் சேராதது, எல்லாரும் அருந்தக்கூடியது. சந்தைக்கு எதிரே 15ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பட்டு வணிக மண்டபம், யுனெஸ்கோ 1996இல் உலக மரபுரிமையாக அறிவித்த இடம்.

வியாழக்கிழமையாக இருந்தால் நண்பகலுக்குச் சற்று முன்னர் சந்தையிலிருந்து நடந்து பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போங்கள். வலென்சியா வயல்வெளியின் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் அங்கே வட்டமாக அமர்ந்து, தண்ணீர்ப் பிணக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கிறார்கள். இந்த நீர் மன்றம் 2009இல் யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கன்னக் கூட்டங்களில் நீர் திறக்கும் நாளுக்காக வாதிடும் நமது விவசாயிகளும் வட்டவிதானைமாரும் இதை நேரிற் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வழக்கு இல்லாத நாளில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு சந்தைக்குத் திரும்பவும் நேரம் இருக்கும்.

உணவு நெறி உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சந்தையின் பல கடைகளில் பன்றித் தொடைகள் தலைக்கு மேல் தொங்கும்; அந்தப் பகுதியைத் தவிர்த்து நடக்கலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பதே சிக்கல். பருப்பு, கடலை வகைக் குழம்புகளில் பன்றி இறைச்சித் துண்டோ சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியோ போடுவது வழக்கம். கொரொக்கேத்தா என்ற பொரித்த உருண்டைகளில் பெரும்பாலும் ஹமோன் எனப்படும் பன்றித்தொடை இறைச்சி இருக்கும். பொல்வொரோன், மந்தெக்காதோ போன்ற இனிப்புகளும் மயோர்க்காவின் என்சைமாதா பணிஸும் மரபுப்படி பன்றிக்கொழுப்பில் செய்யப்படுபவை. பொட்டலத்தில் ‘மந்தேக்கா தே செர்தோ’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மட்டியை வெள்ளை வைனில் வேகவைப்பதும் உண்டு. ‘சின் செர்தோ, சின் வீனோ’, அதாவது பன்றி வேண்டாம், வைன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஹலால் இறைச்சி வேண்டுவோருக்குப் பார்சிலோனாவின் ரவால் பகுதியிலும் மட்ரிட்டின் லவப்பியேஸிலும் மொரோக்கோ, பாகிஸ்தான், வங்காளதேசக் கடைகள் உள்ளன. சைவ உணவுக்காரர் ‘வெஹெதால்’ என்ற பெயருள்ள சான்ட்விச்சை நம்பி வாங்கக் கூடாது, அதில் சூரையும் முட்டையும் வைப்பது வழக்கம். தக்காளி தேய்த்த பாண், பொரித்த பத்ரோன் மிளகாய், முட்டை உண்பவராயின் உருளைக்கிழங்கு தொர்தியா ஆகியவை எங்கும் கிடைக்கும். பாலாடைக்கட்டியைப் பெரும்பாலும் விலங்கின் உறைபொருள் கொண்டே உறையவைக்கிறார்கள். எஸ்த்ரெமதூராவின் தொர்த்தா தெல் கசார் போன்ற சில வகைகள் ஒரு முட்செடியின் பூவால் உறையவைக்கப்படுகின்றன.

தெற்கே போகிறவர்கள் மாலகாவின் அதராசானாஸ் சந்தையைப் பார்க்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் கிரனாடாவின் முஸ்லிம் அரசர்கள் அமைத்த கப்பல் கட்டும் தளத்தின் சலவைக்கல் வளைவு, அரபுப் பொறிப்புடன் இன்றும் அதன் வாசலாக நிற்கிறது. அந்தக் கரையில் குளிர் குறைவு என்பதால் இலையுதிர் காலத்தில் மாம்பழமும், அதன் பின் அன்னமுன்னா இனத்தைச் சேர்ந்த சிரிமோயாவும் உள்ளூரிலேயே விளைகின்றன. வசந்தத்தில் காதிஸ் பக்கம் போனால், மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் பெரிய நீலத்துடுப்புச் சூரையை நிலைவலை கட்டிப் பிடிக்கும் காலம் அது. காதிஸ் மத்திய சந்தையில் அந்த மீனின் ஒவ்வொரு பாகத்தையும் வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் வெட்டி விற்பதைக் காணலாம்.

சமையலறையுள்ள தங்குமிடத்தை எடுத்தால் இந்தச் சந்தைகளின் முழுப் பயனும் கிடைக்கும். வீட்டுக் கறித்தூளைப் பொட்டலமாகக் கொண்டுபோகலாம், ஆனால் இறைச்சியும் பாற்பொருட்களும் இலங்கையிலிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்ப்பாலை ரவாலிலும் லவப்பியேஸிலும் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது லா மஞ்சாவின் குங்குமப்பூ, லா வேராவின் புகையூட்டிய மிளகாய்த்தூள், பொம்பா அரிசி, வாதுமை ஆகியவை பாரமும் குறைவு, கெடவும் மாட்டா. ஒலிவ் எண்ணெயைத் தகரத்தில் வாங்கி, விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியிலேயே வையுங்கள். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்தைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும்.